சலூன் கடையில் பிறந்த கண்ணாடி சோப்... யார் இந்த ஆண்ட்ரூ பியர்ஸ்?

வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியும். கிளிசரின் சோப்புக்கு இருக்கும் மவுசே அதுதான். வீடியோ பார்த்து வீட்டு அடுப்பங்கரையிலேயே அதைச் செய்து பார்ப்பவர்களும் உண்டு. பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலக் கூட்டம் குவியும் திருவண்ணாமலை மாதிரி ஊரில், நாலு சோப் செய்து விற்றால் கைச்செலவுக்கு ஆகுமே என்று தோன்றுவதும் இயல்புதான்.

ஆனால் கண்ணாடி மாதிரி இருந்தாலே அது சுத்தமான சோப் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அது உண்மையா? இதற்குப் பதில், 200 வருஷத்துக்கு முன்பு லண்டனில் சலூன் நடத்திய ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

கார்ன்வால் டூ லண்டன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஆண்ட்ரூ பியர்ஸ். லண்டனுக்கு வந்து முடிதிருத்தும் தொழிலில் இறங்கினார். 1789-ல் சோஹோ பகுதியில் ஜெரார்ட் தெருவில் கடை போட்டார். வாடிக்கையாளர்கள் எல்லாம் வசதியானவர்கள். முடி வெட்டுவதோடு நிற்காமல் முகப்பவுடர், கிரீம் போன்றவற்றையும் அவரே தயாரித்து விற்றார். வியாபாரம் நல்லாவே போனது.

அப்போதுதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர்கள் அழகுக்காக மட்டும் பவுடர் பூசவில்லை. முகத்தில் ஏற்பட்ட புண்ணையும் எரிச்சலையும் மறைக்கவும் பூசினார்கள். காரணம், அந்தக் காலத்து சோப்பில் இருந்த கடுமையான காரம். முகத்துக்குப் போடும் பொருட்கள் சிலவற்றில் ஈயம், ஆர்சனிக் போன்ற நஞ்சுகளும் கலந்திருந்தன. பவுடரை இன்னும் விற்பதை விட, தோலைக் கெடுக்காத சோப்பைச் செய்வதுதான் சரி என்று பியர்ஸ் இறங்கினார்.

1807: கண்ணாடி சோப் வந்த கதை

பல சோதனைகளுக்குப் பிறகு அவர் பிடித்த வழி இதுதான். சோப்பை ஆல்கஹாலில் கரைப்பது. கரையாத கசடை ஒதுக்குவது. பிறகு ஆல்கஹாலைக் காய்ச்சி வெளியேற்றுவது. மிச்சமிருப்பதை அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் உலர விடுவது. தோட்டத்துப் பூக்களின் வாசனையையும் சேர்த்தார். 1807-ல் தயாரான அந்த சோப், உள்ளே வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அந்தத் தெளிவே விளம்பரமாகிவிட்டது. உள்ளே ஒளித்துவைக்க ஒன்றுமில்லை என்று பார்த்தவுடன் நம்பத் தோன்றும் அல்லவா? உடனே போலிகளும் கிளம்பின. அதனால் விற்பனைக்குப் போகும் பொட்டலங்களில் பியர்ஸ் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார் என்கிறது அந்த நிறுவனத்தின் வரலாறு.

1835-ல் பேரன் ஃபிரான்சிஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். 1838-ல் ஓய்வு பெற்றார். 1845-ல் காலமானார்.

அவருக்குப் பிறகு நடந்தது என்ன?

1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அந்த சோப்புக்குப் பரிசுப் பதக்கம் கிடைத்தது. 1865-ல் தாமஸ் பாரட் என்ற மருமகன் நிறுவனத்துக்குள் வந்தார். கடையை உலக பிராண்டாக மாற்றியது அவருடைய விளம்பரங்கள்தான்.

ஆனால் அதில் ஒரு கறையும் உண்டு. 1880-களில் வந்த ஒரு விளம்பரத்தில், கறுப்பினக் குழந்தை இந்த சோப்பில் குளித்ததும் உடம்பு வெள்ளையாக மாறுவதுபோல் வரைந்திருந்தார்கள். வெயிலில் உழைப்பவரின் நிறம் தாழ்ந்தது, வெளுத்த நிறம் உயர்ந்தது என்ற எண்ணம் லண்டன் மேல்தட்டில் பியர்ஸ் கடை போட்ட காலத்திலேயே இருந்ததுதான். அதை விளம்பரங்கள் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. எந்த சோப்பும் அழுக்கைத்தான் எடுக்கும். தோலின் நிறத்தை மாற்றாது.

பிறகு நிறுவனம் லீவர் குழுமத்தின் கைக்குப் போனது. இந்தியாவில் இன்று பியர்ஸ் சோப்பை விற்பது ஹிந்துஸ்தான் யூனிலீவர்.

தெளிவா இருந்தா சுத்தமா?

இல்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால் சோப் கிடைக்கும். அது ஆறும்போது நுண்ணிய படிகங்களாக உறையும். அந்தப் படிகங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் சாதா சோப் வழியே எதுவும் தெரிவதில்லை. ஆல்கஹால், கிளிசரின், சர்க்கரைப் பாகு போன்றவை பெரிய படிகங்கள் உருவாகாமல் தடுக்கும். சோப் தெளிவாகிவிடும். அவ்வளவுதான் ரகசியம். தரம் குறைந்த எண்ணெயில் செய்தாலும், சாயம் சேர்த்தாலும் சோப்பைத் தெளிவாக்க முடியும்.

வீட்டில் செய்யப் போறீங்களா?

* பியர்ஸ் முறையில் ஆல்கஹாலைச் சூடாக்குவது வீட்டுக்கு ஏற்றதல்ல. கேஸ் அடுப்புப் பக்கத்தில் அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.
* காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. குழந்தைகள் கிட்டயே வரக் கூடாது.
* புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிய வழி, கடையில் கிடைக்கும் கிளிசரின் சோப் பேஸ். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அச்சில் ஊற்றினால் போதும். இதில் காஸ்டிக் சோடாவைக் கையாள வேண்டியதில்லை.
* விற்பனைக்குச் செய்வதென்றால் அழகுசாதனப் பொருட்களுக்கான உரிமம் வாங்க வேண்டும்.

வாங்குபவர்கள் என்ன பார்க்கணும்?

சோப் உறையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதன் அளவு அது. இந்தியத் தர விதிப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் இது குறைந்தது 76 சதவீதம். பேதிங் பார் என்று போட்டிருந்தால் 40 சதவீதம் இருந்தாலே போதும். கண்ணாடி சோப்புகளில் கிளிசரினும் மற்ற பொருட்களும் இடம் பிடிப்பதால் இந்த அளவு பொதுவாகக் குறைவு. அதனாலேயே அது மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் சோப்பின் ஊடே விரல் தெரியுதா என்று பார்ப்பதற்கு முன்னால், உறையில் எழுதியிருப்பதை ஒரு தடவை படிச்சிடுங்க.