70 வயதுக்கு மேல் தீவாந்திர தண்டனை!

ஜப்பானில் நோ என்று ஒரு கூத்து உண்டு. முகமூடி அணிந்து, அடிமேல் அடி வைத்து, மெல்ல மெல்ல ஆடுவார்கள். பல கோவில்களில் இதற்கென்றே கூரை போட்ட மரமேடை இருக்கிறது.

இந்தக் கூத்துக்கு உருவம் கொடுத்தவர் ஸெயாமி.

அவர் 1363-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். தகப்பனார் கானாமியும் கூத்தாடிதான். கூத்தாடி என்றால் அந்த நாட்டிலும் அப்போது மட்டமாகத்தான் நினைத்தார்கள்.

1374 வாக்கில், கியோட்டோ நகரின் இமகுமனோ கோவிலில் தகப்பனும் மகனும் ஆடினார்கள். ஷோகன் யோஷிமிட்சு பார்க்க வந்திருந்தார். ஷோகன் என்றால் படைத்தலைவர். சக்கரவர்த்தி பெயருக்குத்தான், அதிகாரம் எல்லாம் ஷோகன் கையில்!

சிறுவனின் ஆட்டத்தில் ஷோகன் சொக்கிப்போனார். 1378-ல் நடந்த ஜியோன் திருவிழாவில் பையனைத் தன் அருகிலேயே உட்கார வைத்துக்கொண்டார். பிரபு ஒருவருக்கு வயிறு எரிந்தது. பிச்சைக்காரத் தொழில் செய்பவனுக்கு இத்தனை மரியாதையா என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

1384-ல் தகப்பனார் இறந்தார். ஸெயாமி குழுவின் தலைவர் ஆனார். பல நாடகங்கள் எழுதினார். கூத்தின் நுணுக்கங்களையும் எழுதினார். அவை ஊருக்கு அல்ல, வாரிசுக்கு மட்டும்.

யோஷிமிட்சு 1408-ல் மறைந்தார். பிறகு அவருடைய மகன் யோஷினோரி ஷோகன் ஆனதும் காற்று திசை மாறியது. அவருக்குப் பிடித்தவர் ஸெயாமியின் தம்பி மகன் ஓனாமி. 1429-ல் ஸெயாமி அரண்மனையில் ஆடத் தடை வந்தது. 1432-ல் மூத்த மகன் மோட்டோமாசா இறந்தார். தொழிலை ஒப்படைக்க இருந்த பிள்ளை!

1434-ல் இடி விழுந்தது. கிழவரைச் சாடோ தீவுக்கு நாடு கடத்தினார்கள். என்ன குற்றம் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

படகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. தீவின் கோவில்களைச் சுற்றிப் பார்த்தார். 1436-ல் அந்தத் தீவைப் பற்றியே பாட்டுகள் எழுதினார்.

தண்டித்தவர் கதி என்ன? 1441-ல் ஒரு பிரபுவின் வீட்டில் விருந்து. ஓனாமியின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே யோஷினோரியை வெட்டிக் கொன்றார்கள்!

ஸெயாமி 1443 வாக்கில் காலமானார். வாரிசுக்காக அவர் எழுதிய நூல்கள் 1909-ல்தான் அச்சேறி உலகத்துக்குத் தெரிந்தன.

சாடோவில் நோ பரவியது 1604-ல் வந்த அதிகாரி ஒகுபோவால். இன்று அங்கே 30-க்கு மேற்பட்ட நோ மேடைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கோவில்களில். டாய்சென் கோவில் மேடை 1846-ல் கட்டியது. புல் வேய்ந்த கூரை. கோடையில் தீப்பந்தம் ஏற்றி, ஊர் ஜனங்களே முகமூடி அணிந்து ஆடுகிறார்கள்.