புனித மார்ட்டினும் அவர் தங்கையின் வீடும்



ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 3-ஆம் நாள் திருச்சபை புனித மார்ட்டின் தே போரஸின் திருநாளைக் கொண்டாடுகிறது. அவரது சுரூபத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கறுத்த முகம், துறவற உடை, கையில் ஒரு துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உண்ணும் நாயும் பூனையும் எலியும். அந்தச் சுரூபத்தில் இடம்பெறாத ஒருவரும் உண்டு. அவர் மார்ட்டினின் தங்கை ஜுவானா. சென்ற மழைக்காலத்தில் எங்கள் பங்கு இல்லத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்த பிறகுதான் அந்தத் தங்கையைப் பற்றி நாங்கள் முதன்முதலாக நினைத்துப் பார்த்தோம்.

அடைமழை பெய்த ஒரு மாலையில், வாய்க்காலில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்தக் குட்டியை நம் இளைஞர் இயக்கப் பிள்ளைகள் தூக்கிவந்தார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதக் குட்டி என்றார். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார். முதல் தடுப்பூசியும் போட்டார். நல்ல குடும்பம் ஒன்று கிடைக்கும்வரை நாங்களே வைத்திருப்பது என்று முடிவுசெய்தோம். நனைந்து நடுங்கிய குட்டியைப் பார்த்தபோது அது எளிய முடிவாகவே தோன்றியது.

ஒரு வாரத்தில் உடம்பு தேறியது. வீடு படாதபாடு பட்டது அதற்குப் பிறகுதான். செருப்பு ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. அங்கியின் ஓரத்தைப் பல்லால் கவ்வித் தொங்கியது. ஞாயிறு அறிவிப்புத் தாள்கள் கூடமெங்கும் துண்டு துண்டாகக் கிடந்தன. இரவெல்லாம் அழுதது. துடைத்த இடத்தை ஐந்து நிமிடத்தில் மறுபடி நனைத்தது. இவற்றையெல்லாம் துடைத்தது நாங்கள் அல்ல, எங்களுக்குச் சமைக்க வரும் அம்மா. பத்தாம் நாள் அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, குட்டி இருக்கும்வரை தம்மால் வர இயலாது என்று சொல்லிவிட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. ஒரு வாயில்லா உயிரிடம் இவ்வளவு இரக்கமின்மையா என்று எண்ணினோம். அந்தக் கோபம் தவறு என்று எங்களுக்கு உணர்த்தியது புனித மார்ட்டினின் வாழ்க்கை.

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு அப்போது இஸ்பானியரின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகரான லீமாவில் 1579-ஆம் ஆண்டு மார்ட்டின் பிறந்தார். தந்தை யுவான் தே போரஸ் இஸ்பானிய உயர்குடியைச் சேர்ந்தவர். தாய் அன்னா வெலாஸ்கஸ் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். இருவருக்கும் முறையான திருமணம் நடக்கவில்லை. பிள்ளை தன் நிறத்தில் இல்லாமல் தாயின் நிறத்தில் பிறந்தது தந்தைக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. லீமாவின் புனித செபஸ்தியார் ஆலயத்தில் அக்குழந்தை திருமுழுக்குப் பெற்றது. ஆலயப் பதிவேட்டில் தந்தை பெயர் அறியப்படவில்லை என்று எழுதப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் இதே ஆலயத்தில்தான் லீமா நகர்ப் புனித ரோசாவும் திருமுழுக்குப் பெற்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஜுவானா பிறந்தார். தாய் வறுமையில் இரு பிள்ளைகளையும் வளர்த்தார். பின்னர் தந்தையின் மனம் இளகியது. அவர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்று, இன்றைய எக்குவதோர் நாட்டில் உள்ள குவாயாகில் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே தந்தையின் உறவினர் வீட்டில் அவர்கள் சில காலம் வாழ்ந்தார்கள், எழுதப் படிக்கக் கற்றார்கள். தந்தைக்குப் பனாமாவில் பதவி கிடைத்தது. மார்ட்டின் மறுபடியும் லீமாவுக்கு, தாயிடம் திரும்பினார். தங்கை குவாயாகிலில் தங்கிவிட்டார்.

அன்பர்களே, இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பதிவேட்டில் தந்தை இல்லாதவர், சிறு வயதில் பிறர் வீட்டில் சில காலம் வைக்கப்பட்டவர், அங்கிருந்தும் அனுப்பப்பட்டவர் மார்ட்டின். நிரந்தரமில்லாத இடத்தில் வாழ்வது என்னவென்று அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

ஏறக்குறைய 12 வயதில் அவர் முடிதிருத்தும் மருத்துவர் ஒருவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் முடிதிருத்துவோரே காயத்துக்குக் கட்டுப்போட்டனர், முறிந்த எலும்பைச் சேர்த்தனர், மூலிகை மருந்து கொடுத்தனர். நம் ஊர்களிலும் முடிதிருத்துவோருக்கு மருத்துவர் என்ற பெயர் இருந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். இந்தக் கைத்தொழில்தான் பின்னாளில் மனிதருக்கும் விலங்குக்கும் அவர் செய்த சேவைக்கு அடித்தளமானது. இரக்கத்தோடு தேர்ச்சியும் அவரிடம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

15 வயதில் அவர் லீமாவில் இருந்த சாமிநாதர் சபையின் செபமாலை அன்னை துறவு மடத்தை நாடிச் சென்றார். கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் துறவு சபைகளில் முழு உறுப்பினராவதை அந்நாட்டில் அன்று நிலவிய விதி தடுத்தது. ஆகவே அவர் மடத்தில் வேலை செய்து வாழும் தொண்டராக மட்டுமே ஏற்கப்பட்டார். கூட்டினார், துடைத்தார், துணி துவைத்தார், நோயாளிகளைப் பராமரித்தார். சபைக்குள் இருந்தும் சபையின் உறுப்பினராக இல்லாமல் ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1603-ஆம் ஆண்டில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்துச் சபையின் சகோதரரானார். மடம் கடனில் மூழ்கி, விலையுயர்ந்த பொருள்களை விற்கும் நிலை வந்தபோது, தம்மை அடிமையாக விற்றுக் கடனை அடைக்கும்படி மடத்துத் தலைவரிடம் அவர் வேண்டிக்கொண்டார் என்று அவரது வரலாறு கூறுகிறது.

மருத்துவ அறைதான் அவரது உலகம். மடத்துத் துறவிகளோடு தெருவில் கிடந்த நோயாளிகளையும் அவர் தூக்கிவந்தார். அடிமைகளும் பூர்வகுடி மக்களும் அவர்களுள் இருந்தனர். நோய் பரவும் என்று மடத்துத் தலைவர்கள் அஞ்சி, வெளியாரை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று கட்டளையிட்டனர். ஒருநாள் கத்திக்குத்துப் பட்டு இரத்தம் வடியக் கிடந்த ஒருவரை அவர் தம் அறைக்கே கொண்டுவந்து கிடத்தினார். கட்டளையை மீறியதற்காகக் கண்டிக்கப்பட்டபோது, கீழ்ப்படிதல் கட்டளை பிறரன்புக் கட்டளைக்கும் மேலானது என்பதைத் தாம் அறியாமல் இருந்ததற்காக மன்னிக்கவேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொண்டார்.

விலங்குகளின் காரியத்திலும் இதுவே நடந்தது. அடிபட்ட நாய், பட்டினி கிடந்த பூனை எது வந்தாலும் அவர் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். மருத்துவ அறைத் துணிகளை எலிகள் கடித்துக் குதறியபோது, பொறி வைப்பதற்கு மாறாக, தோட்டத்தில் தினமும் உணவு வைப்பதாகச் சொல்லி அவற்றை வெளியே அழைத்துப் போனார் என்ற மரபுக் கதையை நாம் அறிவோம். ஆனால் பலர் சேர்ந்து வாழும் துறவு மடத்தில் எத்தனை நாய்களை வைத்திருக்க முடியும்? மடத்தில் இடமில்லாமல் போனது. அப்போது திறந்த கதவுதான் ஜுவானாவின் வீடு.

இதற்குள் ஜுவானா லீமாவுக்குத் திரும்பி, மணமாகி, குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். மடத்தில் வைக்க முடியாத நோயாளிகளை மார்ட்டின் அங்கே அனுப்பினார். நாய்களையும் பூனைகளையும் அங்கேயே கொண்டுபோய் விட்டார். காயம் ஆறும்வரை அவற்றுக்கு அதுவே வீடு. இன்று விலங்கு நல ஆர்வலர்கள் மீட்ட குட்டிகளுக்குத் தற்காலிக வளர்ப்பு வீடு தேடுகிறார்களே, ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் ஜுவானா கொடுத்ததும் அத்தகைய வீடுதான்.

ஜுவானாவும் சலித்துக்கொண்டார். நாய்கள் வீட்டை அசுத்தம் செய்கின்றன என்று அண்ணனிடம் முறையிட்டார் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. மார்ட்டின் என்ன செய்தார்? தங்கைக்கு இரக்கத்தைப் பற்றிப் போதிக்கவில்லை. அவள் மனம் கல் என்று கோபிக்கவுமில்லை. நாய்களிடம் திரும்பி, இனி வெளியே தெருவுக்குச் சென்று வரவேண்டும் என்று அவற்றுக்கு அன்போடு சொன்னாராம். அவையும் அவ்வாறே செய்தனவாம்.

இதை ஒரு புதுமையாகவே நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பத்தாம் நாள் மாலையில் எங்கள் மனத்தில் தைத்தது வேறொன்று. தங்கையின் முறையீடு நியாயமானது என்று மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். நாய்களைக் கொண்டுவந்தவர் தாம், ஆகவே அவற்றால் வரும் தொல்லைக்கும் தாமே பொறுப்பு என்று கருதினார். எங்கள் கதையோ வேறு. குட்டியைக் காப்பாற்றிய பெருமையை நாங்கள் வைத்துக்கொண்டு, அழுக்கைச் சமையலம்மாவிடம் விட்டிருந்தோம். ஞாயிறு மறையுரையில் அந்தக் குட்டியைப் பற்றிப் பேசிய நாங்கள், ஒருநாளும் தரையைத் துடைக்கவில்லை. புனிதரின் கையில் இருக்கும் துடைப்பம் அழகுக்காக வைத்ததன்று என்று அன்றுதான் விளங்கியது.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். துடைக்கும் வேலை எங்களுடையது என்று வாக்களித்தோம். பிறகு கால்நடை மருத்துவரிடம் போய், குட்டி ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டோம். அவர் சொன்னவை எளிய உண்மைகள். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் சீக்கிரம் பிரிந்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று தெரியாது, ஏனெனில் அதைக் கற்றுக்கொடுப்பவை அந்த உடன்பிறப்புகளே. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் மாதங்களில் ஈறு நமநமக்கும், எதையாவது கடித்தே தீரும். குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கவேண்டும், தூக்கம் கெட்டால் இன்னும் அதிகமாகத் துள்ளும். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே கூட்டிச் சென்றால் வீடு நனையாது. அடித்தால் பயம் வரும், பழக்கம் வராது.

அதன்படி நடந்தோம். காலைத் திருப்பலிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வெளியே கூட்டிச் சென்றோம். செருப்புகள் அலமாரிக்குள் போயின. முடிச்சுப் போட்ட பழைய துணி அதன் வாய்க்கு வந்தது. கடித்தபோது விளையாட்டை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். எங்கள் படுக்கைக்கு அருகிலேயே ஓர் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்ததும் இரவு அழுகை குறைந்தது. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. மூன்று வாரங்களில் மாறியது. நான்காம் நாளே திரும்பி வந்துவிட்ட சமையலம்மா, யாரும் கேட்காமலே அதற்குச் சோறு பிசைந்து வைக்கத் தொடங்கினார்.

இரண்டாம் தடுப்பூசியும், மூன்று மாதம் நிறைந்தபின் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்ட பிறகு, பக்கத்துப் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்தது. வீட்டில் உள்ள எல்லாரும் சம்மதித்தார்களா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், வளர்ந்தபின் கருத்தடை அறுவை செய்வார்களா என்று கேட்டோம். அவர்கள் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார்கள். குட்டி அவர்கள் மகளின் மடியில் உட்கார்ந்து போயிற்று, எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது வலித்தது. ஆனால் அது திரும்பிப் பாராமல் போகவேண்டும் என்பதற்காகத்தானே வளர்த்தோம்?

மார்ட்டின் தம் இறுதிவரை இவ்வாறே வாழ்ந்தார். லீமாவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் உருவாக உழைத்தார். எவரையும் தமக்கென்று பிடித்துவைக்கவில்லை. குணமானவர் தம் வழியே போனார், அடுத்தவர் வந்தார். 1639-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் காய்ச்சலால் அவர் இறந்தபோது, தந்தை பெயரின்றி எழுதப்பட்ட அந்த மனிதரின் உடலைத் திருச்சபையின் மேலோரும் உயர்குடியினரும் சுமந்து சென்றனர். 1837-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரி அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 1962-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் ஜான் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஜுவானாவுக்குத் திருநாள் இல்லை. ஆனாலும் மார்ட்டினின் இரக்கத்துக்கு இடம் கொடுத்தது அவரது வீடு.

அன்பர்களே, வழியில் கிடக்கும் உயிரைக் கண்டு இரங்குவது நல்லது. தூக்கிவருவது இன்னும் நல்லது. தூக்கிவந்த பின், நம் இரக்கத்தின் சுமை யார் தோளில் விழுகிறது என்று பார்ப்போம். அது ஒரு தாயின் தோளாக இருக்கலாம், மனைவியின் தோளாக, வேலைக்கு வருபவரின் தோளாக இருக்கலாம். அவர்கள் சலித்துக்கொள்ளும்போது புனித மார்ட்டினை நினைத்து, முதலில் துடைப்பத்தைக் கையில் எடுப்போம். கதவைத் திறந்துவைத்த எல்லா ஜுவானாக்களுக்காகவும் இன்று இறைவனுக்கு நன்றி சொல்வோம்.