ஒவ்வொரு மணியாய்

நகரம், நரகம் என்னும் இரு சொற்களையும் பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் இருப்பவை அதே நான்கு எழுத்துகளே. வரிசை மாறியதால் பொருள் மாறிற்று. புரதங்களின் நிலையும் இத்தகையதே. ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்கள் மாலையில் கோத்த மணிகள்போல் அடுத்தடுத்து இணைந்து புரதமாகின்றன. ஹீமோகுளோபினில் 146 மணிகள் கொண்ட பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில், குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இருக்கையில் வேலின் அமர்ந்துவிட்டால், அந்த ஒரு மாற்றமே அரிவாள் செல் சோகைக்கு வித்தாகிறது. ஆகவே, எவ்வெம்மணிகள் உள்ளன என்று எண்ணுவது மட்டும் போதாது; எது எதற்கு முன் நிற்கிறது என்பதும் தெரியவேண்டும். அதனை அறியும் வழியைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பெர் விக்டர் எட்மன்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த எட்மன், அங்குள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் பயின்றார். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்னும் சிறு பெப்டைடைத் தூய்மைப்படுத்தும் ஆய்வு அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது. பொருள் தூய்மையாகக் கைக்கு வந்தும், அதன் மணிகளின் வரிசையை அறிய அந்நாளில் எளிய வழி இல்லை.

அக்காலத்தில் இங்கிலாந்தில் பிரெடரிக் சாங்கர் ஒரு வழி கண்டிருந்தார். புரதச் சங்கிலியின் முனையிலுள்ள அமினோ தொகுதியோடு மஞ்சள் நிறம் தரும் வேதிப்பொருளொன்றைப் பிணைத்து, பின்னர்ச் சங்கிலி முழுவதையும் அமிலத்தால் சிதைத்தால், நிறமேறிய முதல் மணி தனித்துத் தெரியும். ஆனால், முதல் மணியை அறிவதற்குள் எஞ்சிய மாலை சிதறிப்போகும். சாங்கரோ சங்கிலியைப் பல துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திப் பார்த்து, இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை நிறுவினார். 1958இல் நோபல் பரிசு பெற்ற அரும்பணி அது. எட்மன் எழுப்பிய வினா வேறு: முதல் மணியை மட்டும் கழற்றி, மாலையைக் குலையாமல் வைத்துக்கொள்ள முடியாதா?

1946இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்பெல்லர் நிறுவன ஆய்வகத்திற்குச் சென்ற அவர், ஓராண்டுக்குப்பின் சுவீடன் திரும்பி லுண்ட் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1950இல் அவருடைய முறை விரிவாக வெளிவந்தது. மென்காரக் கரைசலில் பீனைல் ஐசோதயோசயனேட் முனையிலுள்ள அமினோ தொகுதியோடு இணைகிறது. அடுத்து நீரற்ற அமிலம் சேர்க்கப்படுகிறது. அப்போது, புதிதாக இணைந்த பகுதியிலுள்ள கந்தக அணு முதல் பெப்டைடு பிணைப்பைத் தாக்கி, ஐந்தணு வளையமாகி, முதல் மணியோடு தானும் கழன்றுகொள்கிறது. நீர் இல்லாததால் ஏனைய பிணைப்புகள் அறுபடுவதில்லை. கழன்ற மணியை வண்ணப்பிரிகை முறையால் அடையாளம் காணலாம். இரண்டாம் மணி இப்போது முதலிடத்தில் நிற்கிறது. மீண்டும் அதே வினையைத் தொடங்கலாம்.

சொல்வதற்கு எளிது. ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு மூலக்கூறுகளில் மட்டுமே வினை நிறைவேறுவதாகக் கொள்வோம். இருபது சுற்றுகளுக்குப்பின் வரிசை பிசகாமல் நிற்பவை பன்னிரண்டே. மற்றவை பின்தங்கிக் குழப்பும். அறுபதாம் சுற்றில் ஒன்றுகூட மிஞ்சாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிறைவேறினால், அறுபது சுற்றுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ முப்பது மிஞ்சும். இவ்வெட்டு விழுக்காட்டு இடைவெளியை அடைப்பதே எட்மனின் அடுத்த பதினேழு ஆண்டுப் போராட்டம் எனலாம். கரைப்பானில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆல்டிஹைடு முனையை அடைத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கந்தகத்தைக் கெடுத்துவிடும். எனவே வேதிப்பொருள்களின் தூய்மையில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை.

1957இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குக் குடிபெயர்ந்து, புனித வின்சென்ட் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அங்கு ஜெஃப்ரி பெக் என்பவரோடு சேர்ந்து, இவ்வினைகளைத் தானே செய்யும் கருவியை உருவாக்கினார். சுழலும் கண்ணாடிக் கிண்ணத்தின் உட்சுவரில் புரதக் கரைசல் மெல்லிய படலமாகப் பரவும். நைட்ரஜன் வாயு சூழ்ந்திருக்க, வேதிப்பொருள்கள் முறைப்படி வந்து செல்லும். ஒரு நாளில் ஏறத்தாழ 15 சுற்றுகள். ஒவ்வொன்றிலும் 98 விழுக்காட்டிற்கு மேற்பட்ட விளைச்சல். திமிங்கலத்தின் தசைப்புரதமான மயோகுளோபினின் முதல் 60 அமினோ அமிலங்களை அக்கருவி வரிசையாகக் காட்டிற்று. 1967இல் அதன் அமைப்பை விரிவாக வெளியிட்ட எட்மன், காப்புரிமை பெறவில்லை. நிறுவனங்கள் அத்தகைய கருவிகளைச் செய்து விற்றன. உலகெங்கும் ஆய்வகங்கள் வாங்கின.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பல புரதங்களின் முனையை இயற்கையே அசெட்டைல் தொகுதியால் மூடி வைத்துள்ளது. அங்கே பீனைல் ஐசோதயோசயனேட் நுழைய வழியில்லை. பிற்காலத்தில் நிறை நிறமாலை முறை பெரும்பாலான பணியை ஏற்றுக்கொண்டது.

எட்மனுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. 1974இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1972 முதல் ஜெர்மனியில் மியூனிக் அருகேயுள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில், தம் துணைவியாரும் ஆய்வாளருமான ஆக்னஸ் ஹென்ஷெனோடு பணியாற்றிவந்த அவர், 1977ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் மறைந்தார். முனையிலிருந்து ஒவ்வொரு மணியாய்க் கழற்றும் அவ்வினைக்கு வேதியியல் நூல்கள் இன்றும் இட்டு வழங்கும் பெயர் எட்மன் சிதைவு என்பதாகும்.