வரம்பிலா அரசதிகாரமும் அதன் தாங்குதூண்களும்: கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர்

முன்னுரை

வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய தோல் தொழில் நகரங்களைக் கடந்து வேலூரை அடையும் பாலாற்றின் கரையில் முத்து மண்டபம் என்னும் நினைவிடம் உள்ளது. தமிழக அரசு 1990இல் எழுப்பிய இம்மண்டபம், கண்டி அரசின் கடைசி மன்னராகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் கல்லறைமீது அமைந்ததாகும். தம் நாட்டின் நிலம் முழுவதற்கும் உரிமையாளராகவும் குடிகளின் உயிர்மீது முழு அதிகாரம் உடையவராகவும் கருதப்பட்ட இவர், வாழ்வின் இறுதிக் காலத்தை வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரின் கைதியாகக் கழித்தார். கொடுங்கோலர் என்று ஒரு சாராரும், காட்டிக்கொடுக்கப்பட்டவர் என்று மற்றொரு சாராரும் இவரைக் கூறுவர். இவ்விரு மதிப்பீடுகளும் மன்னரின் குணத்தையே காரணமாகக் கொள்வன. அவர் வகித்த அதிகாரத்தின் அமைப்பையும் கருத்திற்கொண்டு இவர் வாழ்க்கையைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாயக்கர் மரபும் கண்டி அரியணையும்

கண்டி மன்னர்கள் அரசமரபில் மணம்புரிதல் வேண்டும் என்னும் வழக்கத்தால் மதுரைப் பகுதி நாயக்கர் குடும்பங்களிலிருந்து பெண்கொண்டனர். 1739இல் நரேந்திரசிங்கர் அரசுரிமைக்குரிய மகன் இன்றி இறந்தபோது, அவர் அரசியின் உடன்பிறந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கர் என்னும் பெயருடன் முடிசூடினார். அவரைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் 1747 முதல் 1782 வரையும், இராஜாதி ராஜசிங்கர் 1782 முதல் 1798 வரையும் ஆண்டனர்.

பிறப்பால் அயலவரான இம்மன்னர்கள் பௌத்தத்தின் காவலர்களாக விளங்கியே தம் உரிமையை நிலைநாட்டினர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் காலத்தில், 1753இல், சயாமிலிருந்து வந்த துறவியரைக்கொண்டு இலங்கையில் பிக்குகளுக்குரிய உபசம்பதா சடங்கு மீட்கப்பட்டது. புத்தரின் புனிதப் பல்லைக் காப்பவரே நாட்டை ஆளத்தக்கவர் என்ற நம்பிக்கை கண்டியில் வேரூன்றியிருந்தது. எனவே அரசுரிமைக்குக் குருதி வழி மட்டும் போதுமானதன்று. சமயம் அதனை ஏற்றல் வேண்டும். மன்னரின் அதிகாரத்தைத் தாங்கிய முதல் தூண் இதுவேயாகும்.

கண்ணுசாமி மன்னரான வரலாறு

1780ஆம் ஆண்டளவில் பிறந்த கண்ணுசாமி, இராஜாதி ராஜசிங்கரின் அரசிக்கு நெருங்கிய உறவினர். 1798இல் மன்னர் மகப்பேறின்றி இறக்க, முதல் அதிகாராக இருந்த பிலிமத்தலாவை, 18 வயதினரான கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் என்னும் பெயரில் அரியணை ஏற்றினார். மறைந்த மன்னரின் அரசிக்கு உடன்பிறந்தவரான முத்துசாமியின் உரிமை புறந்தள்ளப்பட்டது. இளைஞரும் அரசவையில் தமக்கெனத் துணையற்றவருமான ஒருவர் தம் சொற்படி நடப்பார் என்பதே பிலிமத்தலாவையின் கணிப்பு.

இவ்வாறு, யாருக்கும் கட்டுப்படாதது எனக் கூறப்பட்ட பதவி ஓர் அமைச்சரின் கையால் வழங்கப்பட்டது. கண்டியின் ஆட்சிமுறையில் அதிகார், திசாவை முதலிய தலைவர்களே மாகாணங்களை ஆண்டனர். வரியையும் படையையும் திரட்டினர். நிலம் பெற்ற குடிகள் அதற்கு ஈடாக ஆற்றும் பணி இராசகாரியம் எனப்பட்டது. யார், எவ்வளவு பணி செய்வது என்பதை வழக்காறு வரையறுத்தது. மன்னரின் ஆணைக்குச் சட்ட வரம்பு இல்லை. ஆயினும் தலைவர்களும் வழக்காறும் இன்றி அவ்வாணை அரண்மனை வாயிலைக் கடக்க வழியில்லை.

1803ஆம் ஆண்டுப் போர்

பிலிமத்தலாவை ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த்துடன் மறைவாகத் தொடர்புகொண்டார். 1803இல் ஆங்கிலப் படை கண்டியைக் கைப்பற்றி முத்துசாமியை அரியணையில் அமர்த்தியது. ஆனால் குடிகள் அவரை ஏற்கவில்லை. நோயாலும் உணவின்மையாலும் நலிந்த படை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சரணடைந்து அழிக்கப்பட்டது, முத்துசாமி கொல்லப்பட்டார். முத்துசாமிக்குக் குருதி உரிமையும் படைத்துணையும் இருந்தன. நாட்டின் ஏற்பு இல்லை. விக்கிரம ராஜசிங்கருக்கு அது அப்போது இருந்தது.

தூண்கள் தளர்தல்

இவ்வெற்றிக்குப்பின் மன்னர் தலைவர்களின் பிடியிலிருந்து விடுபட முயன்றார். மன்னரைக் கொல்லச் சூழ்ச்சி செய்த குற்றத்திற்காகப் பிலிமத்தலாவை மரணதண்டனை பெற்றார். எகெலப்பொல முதல் அதிகாரானார். மன்னர் தலைநகரை அழகுபடுத்தினார். கண்டி ஏரியும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் இவர் காலத்தவை. இன்று கண்டியின் அடையாளமாகத் திகழும் அவ்வேரி, எழுந்த காலத்தில் குடிகளின் குறைக்குக் காரணமாயிற்று. வழக்காற்றின் அளவை மீறி இராசகாரியம் கோரப்பட்டதாக அவர்கள் கருதினர்.

1814இல் எகெலப்பொல சப்பிரகமுவையில் கிளர்ந்தெழுந்தார். தோல்வியுற்று ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் இருந்த அவர் மனைவியும் மக்களும் மன்னரின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். குற்றமற்ற குழந்தைகளுக்கு நேர்ந்த முடிவு தலைவர்களையும் குடிகளையும் ஒருங்கே மன்னரிடமிருந்து விலக்கியது. இதனை மன்னரின் கொடுமை என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. பேராசையுள்ள அமைச்சரைப் பதவியிறக்கவோ விசாரிக்கவோ வல்ல மன்றம் அவ்வாட்சியில் இல்லை. மன்னரைத் தடுக்கும் மன்றமும் இல்லை. அமைச்சருக்குச் சூழ்ச்சியும் மன்னருக்குக் கொலையும் அன்றி வேறு வழியை அவ்வமைப்பு வைத்திருக்கவில்லை. இடித்துரைக்கும் பெரியோரைத் துணைக்கொள்ளாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்று திருக்குறள் கருதியது. இங்குப் பகைவரும் அருகிலேயே காத்திருந்தனர்.

மன்னரின் கொடுமை பற்றிய செய்திகளை ஆராயும்போது அவற்றைப் பதிவு செய்தோர் யார் என்பதும் கருதத்தக்கது. அவற்றுள் பல, கண்டித் தலைவர்களுடன் பேச்சு நடத்திய ஜான் டொயிலி முதலிய ஆங்கில அதிகாரிகளின் வழியாகவும், மன்னரை எதிர்த்த தலைவர்களின் வழியாகவும் வந்தவை. போருக்கு நியாயம் தேடியவர்களின் சான்றுகள் என்பதால் அவற்றை எச்சரிக்கையுடன் கொள்ளுதல் வேண்டும். எகெலப்பொல குடும்பத்தின் கொலையை மறுக்க இயலாது. அதனைக்கொண்டு ஆட்சிக்காலம் முழுவதையும் அளப்பது பொருந்தாது.

கண்டி உடன்படிக்கை

1815 ஜனவரியில் ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் போர் அறிவித்தார். பிப்ரவரியில் ஆங்கிலப் படை பெரும் எதிர்ப்பின்றிக் கண்டியை அடைந்தது. 1803இல் மன்னருக்காகப் போரிட்ட நாடு இம்முறை எழவில்லை. பிப்ரவரி 18 அன்று மெதமகாநுவரை அருகே மன்னர் பிடிபட்டார்.

மார்ச் 2 அன்று கண்டித் தலைவர்களும் ஆளுநரும் செய்துகொண்ட உடன்படிக்கை, மன்னரைப் பதவி நீக்கியது. அவர் மரபினரின் அரசுரிமையை முற்றும் ஒழித்தது. பௌத்தத்தைக் காப்பதாகவும் தலைவர்களின் உரிமைகளைப் பேணுவதாகவும் உறுதியளித்தது. உடல் வதையையும் உறுப்புக் குறைத்தலையும் தடைசெய்தது. ஆளுநரின் எழுத்தாணையின்றி மரணதண்டனை கூடாது என்றது. அரசதிகாரத்திற்கு எழுத்தில் வரம்பு வகுத்த ஆவணம் என இது தோன்றும். ஆயினும் அவ்வரம்பை ஆளுநர் மீறினால் முறையிடுவதற்குரிய இடம் எதனையும் அது குறிக்கவில்லை.

இதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1817இல் ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டவரும் பின்னர்க் கிளர்ச்சியில் சேர்ந்தவருமான கெப்பெட்டிபொல 1818இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் வெளியான பிரகடனம் தலைவர்களின் உரிமைகளைப் பெரிதும் குறைத்தது. எகெலப்பொல மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார். மன்னரை வீழ்த்த உதவியோர், அவரினும் வலிய அதிகாரத்தின்கீழ் வந்தனர்.

வேலூர் வாழ்க்கை

1816 ஜனவரியில் மன்னரும் குடும்பத்தினரும் கொழும்பிலிருந்து கார்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1799இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் மக்கள் முன்பு அக்கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். 1806ஆம் ஆண்டு சிப்பாய்க் கிளர்ச்சிக்குப்பின் அவர்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர். கண்டி மன்னர் குடும்பம் வாழ்ந்த பகுதி கண்டி மகால் என இன்றும் வழங்குகிறது. மன்னர் என்ற மதிப்பும் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தன. வெளியேறும் உரிமை கிடைக்கவில்லை. வேலூரில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது.

1832 ஜனவரி 30 அன்று தம் 52ஆம் வயதில் மன்னர் நோயுற்று இறந்தார். ஆண்ட காலமும் சிறைப்பட்ட காலமும் ஏறத்தாழ 17 ஆண்டுகள் என ஒத்த அளவினவாக அமைந்தன. மன்னரின் வீழ்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்றாகிய இராசகாரியத்தை ஆங்கில அரசும் சாலை அமைக்கும் பணிக்குப் பயன்படுத்திவந்தது. கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மன்னர் இறந்த அதே 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

முடிவுரை

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் அதிகாரம் சமயத்தின் ஏற்பு, தலைவர்களின் ஒத்துழைப்பு, வழக்காற்றின் அளவு என்னும் மூன்றின்மீது நின்றது. இம்மூன்றும் மன்னரைக் கட்டுப்படுத்தின. இவையே அவர் ஆணையைக் குடிகளிடம் கொண்டுசேர்த்தன. தலைவர்களையும் வழக்காற்றையும் தடைகளாக மட்டும் கண்டு அவர் விலக்கியபோது, ஆணையைச் செயற்படுத்தும் கைகளும் உடன் விலகின. அவருக்குப்பின் வந்த அயலாட்சிக்கு அக்கைகள் தேவைப்படவில்லை; அதற்குத் தனக்கெனப் படையும் அலுவலரும் இருந்தனர். எனவே 1815இல் கண்டியில் முடிவுற்றது வரம்பிலா அதிகாரம் அன்று. நாட்டின் ஏற்பை நாடி நின்ற ஓர் அரசே என்பது இவர் வாழ்க்கையால் பெறப்படுகிறது.