பழைய காரில் புதிய என்ஜின்!
டீசல் காரை ஓட்டிக்காட்டிய கம்மின்ஸ் கதை

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல். அந்த என்ஜினைப் பழைய கார் ஒன்றுக்குள் மாட்டி, அமெரிக்கச் சாலைகளில் ஓட்டிக் காட்டியவர் வேறொருவர்.

அவர் பெயர் கிளெஸ்ஸி கம்மின்ஸ்.

கம்மின்ஸ் என்ற பெயரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் நின்றதும் கடகடவென்று ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர்களில் அந்தப் பெயர் இருக்கும். பெரிய லாரிகளின் என்ஜினிலும் இருக்கும். அது ஓர் ஊரின் பெயர் அல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு மெக்கானிக்கின் பெயர்.

விவசாயி மகன்

அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம். அங்கே 1888-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் கம்மின்ஸ் பிறந்தார்.

சிறு வயதிலேயே அவருக்கு எந்திரம் என்றால் உயிர். 11 வயதில் தானே ஒரு நீராவி என்ஜின் செய்தார். மரத்தில் அச்சு செதுக்கி, இரும்பை உருக்கி ஊற்றி, அதை வார்த்தார். என்ஜின் ஓடியது!

பிறகு பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. வேலைக்குக் கிளம்பிவிட்டார். பட்டறை பட்டறையாக வேலை பார்த்துத் தொழில் கற்றார்.

1908-ல் கொலம்பஸ் என்ற ஊருக்கு வந்தார். அங்கே வில்லியம் இர்வின் என்று ஒரு பணக்காரர். வங்கி நடத்தி வந்தார். அவரிடம் கம்மின்ஸ் கார் டிரைவராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் டிரைவர் என்றால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. கார் அடிக்கடி மக்கர் செய்யும். நடு வழியில் நிற்கும். டிரைவரேதான் இறங்கி, பிரித்து, சரி செய்து மாட்ட வேண்டும். கம்மின்சுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. விளையாட்டாக இருந்தது.

1911-ல் இண்டியானாபொலிஸ் நகரில் முதன்முதலாக 500 மைல் கார் பந்தயம் நடந்தது. ரே ஹாரூன் என்பவர் வெற்றி பெற்றார். அவருடைய காருக்கு உதவி செய்த குழுவில் கம்மின்சும் ஒருவர்.

முதலாளியும் டிரைவரும்

டிரைவருக்குக் கைத்திறமை இருக்கிறது என்பதை இர்வின் கண்டுகொண்டார். தன் கார் கொட்டகையிலேயே சிறு பட்டறை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். பணமும் கொடுத்தார்.

முதலில் கார் பழுது பார்க்கும் வேலை. முதல் உலகப்போர் வந்தபோது ராணுவத்துக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் வேலை. போர் முடிந்தது. அந்த வேலையும் முடிந்தது.

அடுத்து என்ன செய்வது? டீசல் மீது கம்மின்சின் கண் விழுந்தது.

1919-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி கம்மின்ஸ் என்ஜின் கம்பெனி தொடங்கியது. பணம் போட்டவர் இர்வின். பெயர் டிரைவருடையது! தன் டிரைவரின் பெயரில் கம்பெனி தொடங்கப் பணம் கொடுக்கும் முதலாளி எத்தனை பேர் இருப்பார்கள்?

டீசல் எப்படி ஓடுகிறது?

பெட்ரோல் என்ஜினில் "ஸ்பார்க் பிளக்" உண்டு. அது தீப்பொறி விடும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள். அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும் என்பதற்கு அதுவே சாட்சி. டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே போய், காற்றை இதைவிடப் பல மடங்கு நெருக்குகிறது. காற்று பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சூடாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து எண்ணெயைப் பொடித்துளியாகப் பீச்சினால், தானே பற்றிக்கொள்ளும்.

கேட்பதற்கு எளிது. செய்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் பீச்ச வேண்டியது ஒரு சொட்டு அளவுதான். ஒரு நிமிடத்தில் பல நூறு தடவை அப்படிப் பீச்ச வேண்டும். அளவு கூடினால் கறுப்புப் புகை. குறைந்தால் இழுவை இல்லை. சற்று முந்தினால் என்ஜின் தட்டும். சற்றுப் பிந்தினால் சூடு வீணாகும்.

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் நன்றாகத் தெரியும். காலையில் கார் கிளம்பவில்லையா? எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கறுப்புப் புகை தள்ளுகிறதா? எண்ணெய் பீச்சும் "நாசில்" தேய்ந்திருக்கலாம். குளிரில் இருமி இருமி நிற்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்து, காற்று நெருங்காமல் நழுவலாம். இந்த வியாதிகள் எல்லாவற்றோடும், மருந்து தெரியாத காலத்தில், கம்மின்ஸ் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

திரும்பி வந்த என்ஜின்கள்

ஹிவிட் என்ற முறையில் அமைந்த சிறு என்ஜினைச் செய்யத்தான் முதலில் உரிமை வாங்கினார். சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனம் ஏராளமாக வாங்கியது. விவசாயிகளுக்கு விற்றது.

ஆனால் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடிக்காத சாமானைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். விவசாயிகள் என்ன செய்தார்கள்? சாகுபடிக் காலம் முழுவதும் என்ஜினை ஓட்டினார்கள். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! என்ஜினிலும் கோளாறுகள் இருந்தன. கம்பெனிக்குப் பெரும் நஷ்டம்.

கம்மின்ஸ் மனம் தளரவில்லை. பிறர் முறையை விட்டுவிட்டு, எண்ணெய் பீச்சுவதற்குத் தானே ஒரு முறை கண்டுபிடித்தார். படகுகளுக்கு என்ஜின் செய்தார். பணக்காரர்கள் உல்லாசப் படகுகளுக்கு அவற்றை வாங்கினார்கள்.

அதற்கும் இடி விழுந்தது. 1929-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்தது. லட்சாதிபதிகள் ஒரே வாரத்தில் ஓட்டாண்டி ஆனார்கள். உல்லாசப் படகை யார் வாங்குவார்கள்?

பத்து ஆண்டுகளாக இர்வின் பணம் போட்டுக்கொண்டே இருந்தார். லாபம் என்று ஒரு காசு வரவில்லை. கம்பெனியை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது.

கிறிஸ்துமஸ் சவாரி

கம்மின்ஸ் யோசித்தார். படகு இல்லாவிட்டால் என்ன? சாலை இருக்கிறதே!

டீசல் என்ஜின் காருக்குச் சரிப்படாது என்பது அப்போது பலருடைய எண்ணம். அந்த என்ஜின் கனமானது. காற்றைப் பலமாக நெருக்குவதால் சுவர்கள் தடிப்பாக இருக்க வேண்டும். சத்தமும் அதிகம். அதிர்வும் அதிகம்.

கம்மின்ஸ் ஒரு பழைய பாக்கார்டு காரைப் பிடித்தார். பாக்கார்டு அந்தக் காலத்தில் சீமான்கள் ஏறும் கார். நீளமான மூக்கு. கனமான சட்டம். படகு என்ஜினின் பாரத்தைத் தாங்க அப்படிப்பட்ட உடம்புதான் வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத வேளையில், சோதனைக்குப் புதுக் கார் எதற்கு?

காரிலிருந்த பெட்ரோல் என்ஜினைக் கழற்றி எடுத்தார்கள். நாலு சிலிண்டர் உள்ள, "யூ" மாடல் படகு என்ஜினை அந்த இடத்தில் இறக்கினார்கள். என்ஜின் உட்கார்ந்தது. மூடியும் மூடியது!

நம் நாட்டிலும் பிற்காலத்தில் பெட்ரோல் அம்பாசிடர் காரில் டீசல் என்ஜினை மாற்றி மாட்டி ஓட்டியவர்கள் பலர் உண்டு. என்ஜினை இறக்கி வைப்பதோடு அந்த வேலை முடிந்துவிடாது என்பது அவர்களுக்குத் தெரியும். கிளச்சும் கியரும் புது என்ஜினோடு ஒத்துப்போக வேண்டும். முன்பக்க வில்லும் பாரம் தாங்க வேண்டும்.

1929 கிறிஸ்துமஸ் தினம். கம்மின்ஸ் அந்தக் காரை இர்வின் வீட்டுக்கு ஓட்டிப் போனார். முதலாளியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். 21 ஆண்டுகளுக்கு முன்பு டிரைவராகச் சேர்ந்தவர், மறுபடியும் டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். பின்னால் முதலாளி. கம்பெனி பிழைக்குமா, மூழ்குமா என்பது அந்தச் சவாரியில் இருந்தது.

இர்வின் மனம் மாறியது. கம்பெனியை மூடவில்லை. மேலும் பணம் போடச் சம்மதித்தார்.

800 மைல், நாலு ரூபாய்!

சில நாட்களில் நியூயார்க் நகரில் மோட்டார் கண்காட்சி. காரை ரயிலில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். கம்மின்ஸ் அப்படிச் செய்யவில்லை. சாலை வழியே ஓட்டியே போனார். 1930 ஜனவரி மாதம். கடும் குளிர்.

இண்டியானாபொலிசிலிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 800 மைல். கார் போய்ச் சேர்ந்தது. செலவான டீசல் 30 காலன். அதன் விலை 1 டாலர் 38 சென்ட். அந்நாளைய நம் பணத்தில் நாலு ரூபாய்கூட ஆகவில்லை!

கண்காட்சிக் கூடத்துக்குள் அந்தக் காருக்கு இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தினார். பத்திரிகைகள் அந்த 1 டாலர் 38 சென்ட் கணக்கை வெளியிட்டன. நாடே பேசியது. பங்கு மார்க்கெட் சரிந்து, காசுக்குத் திண்டாடிய மக்களுக்கு அதைவிடச் சுவையான செய்தி வேறு என்ன?

மக்களைக் கவர்வது எப்படி என்பது கம்மின்சுக்குப் பிடிபட்டுவிட்டது. அதே ஆண்டு டேடோனா கடற்கரை மணலில், வேறொரு பாக்கார்டு காரை மணிக்கு 80 மைலுக்கு மேல் ஓட்டினார். மறு ஆண்டு, டூசன்பர்க் காரில் டீசல் என்ஜின் மாட்டி 100 மைலையும் தாண்டினார்.

1931 மே மாதம் அந்தக் கார் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் இறங்கியது. ஓட்டியவர் டேவ் எவன்ஸ். வேகத்தில் மற்ற கார்கள் முந்தின. ஆனால் அவை எண்ணெய் போடவும் டயர் மாற்றவும் நின்று நின்று போயின. டீசல் கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. 500 மைலையும் ஒரே மூச்சில் முடித்தது. அந்தப் பந்தயத்தில் அதற்கு முன் எந்தக் காரும் அப்படிச் செய்தது இல்லை. கிடைத்த இடம் 13-வது. அதற்காகக் கம்மின்ஸ் கவலைப்படவில்லை!

பிரேக் பிடிக்கவில்லை!

அதே 1931-ல் உயிர் தப்பிய சம்பவம் ஒன்று நடந்தது.

டீசல் லாரி ஒன்றில் கம்மின்சும் துணையாட்களும் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் புறப்பட்டார்கள். 3,000 மைலுக்கு மேல் பயணம். மொத்த டீசல் செலவு 11 டாலர் 22 சென்ட். சாதனைதான். ஆனால் முடிவதற்குள் எமன் எட்டிப் பார்த்தான்.

கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இருக்கிறது. நீண்ட இறக்கம். லாரி இறங்கத் தொடங்கியது. மிதித்து மிதித்துப் பிரேக் காய்ந்தது. பிறகு பிடிக்கவே இல்லை!

பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால், என்ஜினே வண்டியை ஓரளவு பிடித்து இழுக்கும். டீசல் என்ஜினில் காற்றுப் பாதையை அடைக்கும் கதவு கிடையாது. அதனால் அந்தப் பிடி மிகக் குறைவு. லாரி தறிகெட்டு ஓடியது. கீழே சாலையின் குறுக்கே ரயில் பாதை. அதில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது! நூலிழையில் தப்பினார்கள்.

அந்த இறக்கத்தை அவர் மறக்கவே இல்லை.

கம்பெனி மெல்ல மெல்லத் தலை தூக்கியது. 1935-ல் ஆபர்ன் கார் ஒன்றை டீசலில் ஓட்டி, கடற்கரையிலிருந்து கடற்கரை வரை 7 டாலர் 63 சென்ட் செலவில் போனார். அப்படியும் அமெரிக்கர்கள் டீசல் கார் வாங்க முன்வரவில்லை. லாரிக்காரர்கள்தான் வாங்கினார்கள். கார்களை வரிசையாகச் செய்து விற்கும் பெருமை 1936-ல் ஜெர்மனியின் மெர்சிடஸ் கம்பெனிக்குப் போனது.

1937-ல்தான் கம்மின்ஸ் கம்பெனி முதன்முதலாக லாபம் பார்த்தது. தொடங்கி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன! 1962-ல் புனே நகரில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் கம்பெனி ஏற்பட்டது.

கஹோன் கணவாய்க்குப் பதில்

இதற்குள் கம்மின்ஸ் கம்பெனியை விட்டு விலகி, கலிபோர்னியாவில் குடியேறியிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. வண்டியை இழுக்கும் என்ஜினே வண்டியை நிறுத்தவும் உதவக்கூடாதா என்று யோசித்தார்.

பிஸ்டன் காற்றை நெருக்கும்போது சக்தி செலவாகிறது. நெருங்கிய காற்று ஸ்பிரிங் போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதால், அந்தச் சக்தி மீண்டு விடுகிறது. தள்ளுவதற்கு முன்பே வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிட்டால்? செலவான சக்தி திரும்பி வராது. சக்கரம் சுற்றச் சுற்ற வேகம் குறையும். பிரேக் தேயாது!

வால்வை அந்த நொடியில் திறப்பது எப்படி? எண்ணெய் பீச்சும் கருவி சரியாக அதே நொடியில்தானே அசைகிறது! அந்த அசைவையே பயன்படுத்திக்கொண்டார்.

தான் தொடங்கிய கம்பெனிக்குத்தான் முதலில் கொண்டு போனார். அது வேண்டாம் என்றுவிட்டது. ஜேக்கப்ஸ் என்ற மற்றொரு கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1961-ல் "ஜேக் பிரேக்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மலைப்பாதை லாரி டிரைவர்களுக்கு அது வரப்பிரசாதம் ஆயிற்று.

33 கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்ற கம்மின்ஸ், 1968-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 79.

அந்தப் பிரேக்கைச் செய்துவந்த கம்பெனியை 2022-ல் விலை கொடுத்து வாங்கிய நிறுவனம் எது தெரியுமா? கம்மின்ஸ் கம்பெனி!