278 நாளுக்கு ஒருமுறை மங்கும் நட்சத்திரம்... 1867-லேயே கண்டுபிடித்த சென்னைக்காரர்! யார் இந்த ரகுநாதாச்சாரி?

சேலம், நாமக்கல் பக்கம் ஜனவரி கடைசியில் இரவு 9 மணிக்கு தெற்கே பாருங்க. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் ‘ரெட்டிகுலம்’ என்ற மங்கலான நட்சத்திரக் கூட்டம். அதில் ‘ஆர் ரெட்டிகுலி’ என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பிரகாசமாக இருக்கும்போது பைனாகுலரிலேயே தெரியும். சில மாதம் கழித்துப் பார்த்தால் ஆளையே காணோம்! நூற்றுக்கணக்கான மடங்கு மங்கிப் போயிருக்கும். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை இதே கதைதான்.

1867-ல் இதைக் கண்டுபிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். சென்னை நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் கீழ்மட்ட வேலையில் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்தார். ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் இவர்தான். அங்கே தலைமை வானியலாளர் நார்மன் போக்சன். நட்சத்திரப் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் கணக்கை 1856-ல் வகுத்தவர் அவர். அதாவது, சரியான இடத்தில்தான் இருந்தார் ரகுநாதாச்சாரி.

ஏன் மங்குகிறது?

‘டேபிஸ் ஸ்டார்’ என்ற நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியபோது வேற்றுகிரகவாசி வேலையோ என்றுகூட பேசினார்கள். அதற்குக் காரணம் தூசு என்பதே இப்போதைய கணிப்பு. ஆர் ரெட்டிகுலி கதை வேறு. இதை எதுவும் மறைக்கவில்லை. வயதான சிவப்பு ராட்சத நட்சத்திரம் இது, ஊதிப் பெருத்துச் சுருங்குகிறது. குளிரும்போது வெளி அடுக்கில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் உருவாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும். மிச்ச ஆற்றல் பெரும்பாலும் அகச்சிவப்பாகப் போய்விடுவதால் நமக்கு இருட்டாகத் தெரிகிறது.

சண்டை பஞ்சாங்கத்தோடு!

பழைய சூத்திரக் கணக்குக்கும் வானத்தில் நடப்பதற்கும் வித்தியாசம் இருந்தது. பார்த்து அளந்து பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்றார் ரகுநாதாச்சாரி. சொந்தக்காரர்கள் தொழிலிலேயே கை வைத்த மாதிரி! 1868 முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் ஆய்வு செய்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் புத்தகம் போட்டார்.

1880 பிப்ரவரி 5-ல் காலமானார். ஆய்வகம் இருந்த அதே நுங்கம்பாக்கம் வளாகத்தில் இருந்துதான் இப்போது நமக்கு மழை அறிவிப்பு வருகிறது.