எந்த குரோமோசோம் தொலைந்தது? கேன்சரின் ரகசியத்தை 1914-லேயே கணித்த விஞ்ஞானி... யார் இந்த தியோடர் போவேரி?

ரத்தத்தில் இருக்கும் பி செல்களில் தோன்றும் புற்றுநோய்க்கு சிகிச்சை தொடங்கும் முன், டாக்டர்கள் இன்று ஒரு முக்கியமான கேள்வி கேட்கிறார்கள். நோயாளியின் புற்றுநோய் செல்லில் எந்த குரோமோசோமின் எந்தப் பகுதி காணாமல் போயிருக்கிறது? பதிலைப் பொறுத்து மருந்தே மாறும்.

இந்தக் கேள்விக்கு 110 ஆண்டுகளுக்கு முன்பே விதை போட்டவர் ஒரு டாக்டர் இல்லை. கடல் உயிரினங்களை ஆராய்ந்த விலங்கியல் பேராசிரியர். பெயர் தியோடர் போவேரி. அவரது கதையை விரிவாகப் பார்க்கலாம்.

வரலாறு படிக்கப் போனவர்

1862 அக்டோபர் 12-ம் தேதி ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பிறந்தார் போவேரி. இவரது தம்பி வால்டர் போவேரி, சுவிட்சர்லாந்தில் பிரவுன் போவேரி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்று ஏபிபி என்று நாம் அறியும் நிறுவனத்தின் முன்னோடி அதுதான்.

மியூனிக் பல்கலைக்கழகத்தில் முதலில் வரலாறு பக்கம் போன போவேரி, சீக்கிரமே உடற்கூறியலுக்கும் உயிரியலுக்கும் மாறிவிட்டார். 1893-ல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். கடைசி வரை அங்கேயேதான் இருந்தார்.

அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த உயிரியலாளர் மார்செல்லா ஓ'கிரேடி 1896-ல் இவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன்பிறகு இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வகத்தில் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

கடல் முள்ளெலி சொன்ன பாடம்

குரோமோசோம் என்பது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் நூல் போன்ற அமைப்பு. அந்தக் காலத்தில் எல்லா குரோமோசோமும் ஒரே மாதிரிதான், எது இருந்தாலும் போதும் என்று பலர் நினைத்தார்கள். அது உண்மையா என்று சோதித்துப் பார்த்தார் போவேரி.

உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்குமே கடல் முள்ளெலி, அதன் முட்டைகளை எடுத்துக்கொண்டார். ஒரு முட்டைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் என்ன ஆகும்? வழக்கமாக இரண்டாகப் பிரியும் முட்டை, ஒரே அடியாக நான்காகப் பிரிந்தது. குரோமோசோம்கள் நான்கு செல்களுக்கும் தாறுமாறாகப் பங்கு போயின.

பெரும்பாலான கருக்கள் பிழைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு செல்களையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தபோது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளர்ந்தது. 1902-ல் வெளியான இந்த ஆய்விலிருந்து ஒரு விஷயம் தெளிவானது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி வேலை இருக்கிறது. எத்தனை இருக்கிறது என்பதைவிட, எது இல்லை என்பதுதான் முக்கியம்.

சரி, இதுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்?

புற்றுநோய் செல்கள் ஒழுங்கில்லாமல் பிரிவதை 1890-லேயே பெர்லினைச் சேர்ந்த டேவிட் வான் ஹான்ஸ்மான் கவனித்திருந்தார். அதையும் தன் கடல் முள்ளெலி ஆய்வையும் சேர்த்து யோசித்த போவேரி, 1914-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார்.

அதில் அவர் சொன்னது இதுதான். ஒரு கட்டி ஒரே ஒரு செல்லில் இருந்து தொடங்குகிறது. அந்த செல்லில் குரோமோசோம் கோளாறு இருக்கும். செல் பிரிவதைத் தூண்டும் குரோமோசோம்கள் உண்டு. தடுக்கும் குரோமோசோம்களும் உண்டு. தடுப்பவை தொலைந்துபோனால் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகும்.

வண்டி மொழியில் சொன்னால் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும். தடுக்கும் அந்த பிரேக்கைத்தான் இன்று கட்டி அடக்கும் மரபணு என்கிறோம்.

இத்தனைக்கும் மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பது உறுதியானதே 1956-ல்தான்! போவேரி கையில் எந்த நேரடி ஆதாரமும் இல்லை. அதனால் மருத்துவ உலகம் அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பாற்றிய மனைவி

பல ஆண்டுகளாகவே போவேரிக்கு உடல்நிலை சரியில்லை. பெர்லினில் புதிதாக அமையவிருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோதும், அதை அவர் ஏற்கவில்லை. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், 53-வது பிறந்தநாள் முடிந்த மூன்றாவது நாளில் அவர் உயிர் பிரிந்தது. தன் கணிப்பு சரியா தவறா என்பது தெரியாமலேயே போய்விட்டார்.

பின்னர் அமெரிக்கா திரும்பிய மார்செல்லா, கணவரின் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929-ல் வெளியிட்டார். ஜெர்மன் தெரியாதவர்களுக்கும் போவேரியின் சிந்தனை போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

ஆதாரம் வந்தது எப்போது?

1979-ல் பி53 என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அதைப் புற்றுநோயைத் தூண்டும் ஆக்ஸிலேட்டர் என்றே நினைத்தார்கள். அது உண்மையில் பிரேக் என்று 1989-ல்தான் புரிந்தது. அதை உருவாக்கும் மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது.

பி செல் புற்றுநோய்களில் இதன் பங்கு பெரியது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா எனப்படும் சிஎல்எல் நோயையே எடுத்துக்கொள்வோம். நிணநீர்க் கணுக்களில் இருந்தால் இதே நோயை லிம்போமா என்பார்கள்.

இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 13-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது. அது மட்டும் இல்லையென்றால் நோய் பெரும்பாலும் மெதுவாகவே போகும்.

ஆனால் 17-வது குரோமோசோமின் குட்டையான கை தொலைந்திருந்தால் கதையே வேறு. நோய் கண்டறியும்போது 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருக்கும். வழக்கமான கீமோதெரபி, செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அந்தச் சேதத்தைப் பார்த்து செல்லைத் தற்கொலை செய்ய வைப்பது பி53. அதுவே இல்லையென்றால்? மருந்து போகும், புற்றுநோய் செல் சாகாது.

இவர்களுக்கு இப்ருடினிப், வெனிட்டோகிளாக்ஸ் போன்ற மாத்திரைகள் இப்போது உள்ளன. இவை பி53-ஐ நம்பி இருக்காமல் வேறு வழியில் செல்லைத் தாக்குபவை.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

ஃபிஷ் எனப்படும் சோதனை, தொலைந்த குரோமோசோம் பகுதியைக் காட்டும். பகுதி தொலையாமல் மரபணு மட்டும் பழுதாகியிருந்தால் அதற்குத் தனிச் சோதனை தேவை. சிஎல்எல் நோய்க்கு சிகிச்சை தொடங்கும் முன்பும், நோய் திரும்பி வந்து மருந்தை மாற்றும் முன்பும் இவற்றைச் செய்துவிட்டார்களா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். முதல் முறை இல்லாத இழப்பு, நோய் திரும்பும்போது புதிதாக வந்திருக்கலாம்.